வழுவும் வழுவமைதியும்: லினக்ஸ் மேசைக்கணினிப் பராமரிப்பின் சமூக அடிப்படை

ஒரு பொருளை ஆக்கியோரைப் பற்றி வரலாறு பேசும் அளவிற்கு அதனைப் பேணியோரைப் பற்றிப் பேசுவதில்லை. இலக்கிய வரலாற்றிலும் இதுவே நிலைமை. நூலாசிரியனின் பெயர் நிலைபெறுகின்றது. செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதியவனும், எழுத்து மங்கிய ஓலைக்கு மைக்காப்பிட்டவனும் பெயரின்றி மறைகின்றனர். கணினித் துறையின் வரலாறும் பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. லினக்ஸ் எனப்படும் கட்டற்ற இயங்குதளத்தை மேசைக்கணினியிற் பயன்படுத்துவோர், அதில் நேரும் பழுதுகளை எவ்வாறு கூட்டாக இனங்கண்டு திருத்துகின்றனர் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அத்தகைய கூட்டுப் பராமரிப்பு மாத்தளை மாவட்டம் போன்றதொரு பிரதேசத்தில் தமிழிலே நடைபெறுவதற்கு வேண்டிய நிபந்தனைகள் யாவை என்று வினவுவது இரண்டாவது நோக்கம்.

இவ்வினா இன்று எழுவதற்குத் தக்க காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான இலவசப் பொது ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, குறிப்பிட்டதொரு பாதுகாப்புச் சில்லையும் அண்மைக் காலச் செயலிகளையும் வேண்டி நிற்பது. இதனால், பழுதெதுவுமின்றி இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகள் பல ஒரு நிறுவனத்தின் தீர்மானத்தினால் ‘பழையன’ ஆயின. இங்கே தேய்ந்தது இயந்திரமன்று. அதன் பயன்மதிப்பு அப்படியே இருக்க, சந்தையின் தேவை அதனைக் கழித்துக்கட்டுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் வீழ்ச்சியையும், நாளொன்றுக்குப் பல மணிநேர மின்வெட்டையும் கண்ட இலங்கையில், புதிய கணினி வாங்குதல் சாதாரண குடும்பத்திற்கும் சிறு பாடசாலைக்கும் எளிதான காரியமன்று.

மாத்தளை மாவட்டத்தில் இந்நிலை தனித்தன்மையுடன் வெளிப்படுகின்றது. தெற்கே றத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பகுதிகளின் தோட்டங்கள். வடக்கே நாவுல, தம்புள்ளை, கலேவெலப் பகுதிகளின் வயலும் குளமும். இடையே வாசனைத் திரவியப் பயிரும் வணிகமும் கொண்ட மாத்தளை நகர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்களுள் இலங்கைத் தமிழரும் மலையகத் தமிழரும் சேர்ந்து ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர். மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்துவந்த தோட்டத் தொழிலாளருக்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாக இருந்தது. அவர்களது வழித்தோன்றல்கள் இன்று கணினியின் முன் அமர்கையில், இயந்திரத்தின் விலை முதல் தடையாகவும், அது பழுதுற்றபோது வழிகாட்டும் மொழி இரண்டாவது தடையாகவும் நிற்கின்றன. இவ்விரண்டாவது தடையே இக்கட்டுரையின் சிறப்புக் கவனத்திற்குரியது.

1. பழுதிலிருந்து பிறந்த இயக்கம்

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றம் ஒரு பழுதுபார்த்தலோடு தொடர்புடையது. மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால் அதனைப் பயன்படுத்துவோருக்கு அறிவிக்கும் வகையில் அதன் நிரலைத் திருத்தியிருந்தார். 1980ஆம் ஆண்டளவில் அங்கு வந்த புதிய செரொக்ஸ் அச்சுப்பொறியின் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. தாள் சிக்கியது, திருத்தும் அறிவும் இருந்தது, திருத்தும் உரிமை இருக்கவில்லை. உழைப்பாளன் தன் உழைப்புக் கருவியிலிருந்து அந்நியப்படுதல் என நாம் பொருளியலிற் கூறுவது இங்கே மிகச் சிறிய வடிவிற் காணப்படுகின்றது. 1983இல் அவர் அறிவித்த குனு திட்டமும், 1989இல் வெளிவந்த பொதுமக்கள் உரிமமும் இத்தகைய அனுபவங்களின் விளைவுகளே.

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட இயங்குதளக் கரு, அடுத்த ஆண்டே இவ்வுரிமத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. கருவும் குனு திட்டத்தின் கருவிகளும் இணைந்து முழுமையானதோர் இயங்குதளமாயின. இவற்றைத் தெரிந்து, தொகுத்து, ஒன்றோடொன்று முரணாதபடி ஒழுங்குசெய்து தரும் தொகுப்புகளை ‘வழங்கல்’ என்பர். 1993இல் தொடங்கிய டெபியன், அதனை அடியொற்றி 2004இல் வெளிவந்த உபுண்டு, அதன்வழி வந்த லினக்ஸ் மின்ட் என்பன பலரும் அறிந்த வழங்கல்கள்.

உரிமம் தருவது திருத்துவதற்கான உரிமையை மட்டுமே. திருத்துவதற்கான ஆற்றலை அது தருவதில்லை. நிலமற்றவனுக்கு உறுதி எழுதிக்கொடுத்தும் ஏரும் நீரும் கொடாவிடின் பயிர் விளையாது. அந்த ஏரும் நீரும் போன்றதே பராமரிப்பு அறிவு.

2. அடுக்குகளை அறிதல்

பழுதை இனங்காண்பதற்கு முதலில் அமைப்பை அறிதல் வேண்டும். லினக்ஸ் மேசைக்கணினியை ஐந்து அடுக்குகளாக நோக்கலாம். அடியில் இருப்பது வன்பொருள். அதன்மேல், நினைவகத்தையும் வட்டையும் பிற கருவிகளையும் ஆளும் கரு. அடுத்து, வலையிணைப்பு, நேரம், அச்சு முதலியவற்றைப் பின்னணியில் நடத்தும் சேவைகள். நான்காவதாக, திரையில் உருவங்களை வரையும் காட்சியடுக்கு. 1984இல் தோன்றிய எக்ஸ் முறைமையும் அதன் இடத்திற்கு வந்துகொண்டிருக்கும் வேலண்டும் இவ்வடுக்கிற்குரியன. அதன்மேல், பயனர் காணும் மேசைச்சூழல். க்னோம், கேடீஈ, எக்ஸ்எஃப்சிஈ, சினமன் என அது பலவகைப்படும்.

திரை உறைந்துவிட்டது என்று ஒருவர் கூறும்போது, அது எந்த அடுக்கின் பழுது என்பதே முதல் வினா. கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை தோன்றுமாயின், கருவும் சேவைகளும் உயிருடன் உள்ளன. பழுது பெரும்பாலும் காட்சியடுக்கிலோ மேசைச்சூழலிலோ இருத்தல் கூடும். அத்திரையும் தோன்றாதாயின் கருவையோ வன்பொருளையோ ஐயுறல் வேண்டும். புதிய பயனர் கணக்கொன்றை உருவாக்கி அதன்வழி நுழையும்போது பழுது காணப்படாவிடின், அது முந்தைய பயனரின் அமைப்புக் கோப்புகளைச் சார்ந்தது. இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிச் செல்லுதல் நோயறியும் மருத்துவனின் முறை. முடிவிலே தேவைப்படுவது சான்று. அச்சான்று கணினியின் பதிகையில் உள்ளது. ஒவ்வொரு சேவையும் தான் செய்ததையும் செய்யத் தவறியதையும் நேரத்துடன் அதிற் குறித்துவைக்கின்றது. கணினியைத் தொடக்கிய வேளையிலிருந்து அதனைப் படித்துச் செல்வோர் ஊகத்திலிருந்து விடுபடுகின்றனர்.

இவ்வாய்விற்கு இரு விதிகள் இன்றியமையாதன. ஒரே வேளையில் ஒரு மாற்றத்தையே செய்தல் முதல் விதி. செய்த மாற்றத்தை எழுதிவைத்தல் இரண்டாவது. எங்கோ கண்ட கட்டளையொன்றைப் பொருளறியாது நிருவாகியின் அதிகாரத்துடன் இயக்குவது, சீட்டில் என்ன எழுதியுள்ளது என்று தெரியாமல் மருந்துண்பதை ஒத்தது.

3. நான்கு பழுதுகள்

பொதுப்படக் கூறுவதை விட, பழைய கணினிகளில் அடிக்கடி நேரும் பழுதுகள் சிலவற்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, இணையப் பக்கங்கள் திறவாமை. வலையிணைப்பு உள்ளது, ஆயினும் பக்கம் ஒவ்வொன்றும் பாதுகாப்பற்றதென மறுக்கப்படுகின்றது, மென்பொருள் இற்றைப்படுத்தலும் நிகழ்வதில்லை. பார்ப்போர் வலையிணைப்பையே குறைகூறுவர். உண்மையிற் குற்றவாளி, தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம். அது வலுவிழந்ததும், மின் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்செல்லும். இணையத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறித்த காலத்திற்கே செல்லுபடியாவன. ஆதலால், பின்தங்கிய கடிகாரத்திற்கு அவை இன்னும் நடைமுறைக்கு வராதனவாகத் தோன்றுகின்றன. வலைவழியே நேரத்தைச் சரிசெய்யும் சேவை தடையின்றி இயங்குமாயின் குறை மறைந்து நிற்கும். அது தடைப்பட்ட இடத்தில் வெளிப்படும். சி.ஆர். 2032 எனப்படும் மின்கலமொன்றை மாற்றுவதே பரிகாரம்.

இரண்டாவது, மின்வெட்டினால் நேர்வது. லினக்ஸில் மென்பொருள்கள் ‘பொதி’களாக வருகின்றன. ஒரு பொதி பிற பொதிகளைச் சார்ந்திருக்கும். அச்சார்புகளை ஒழுங்குசெய்வது பொதி மேலாளர் என்னும் நிரலின் வேலை. இற்றைப்படுத்தல் நடைபெறும்போது மின் தடைப்பட்டால், சில பொதிகள் பிரிக்கப்பட்டும் அமைக்கப்படாத நிலையில் எஞ்சுகின்றன. அதன்பின் எதனையும் நிறுவவோ நீக்கவோ முடிவதில்லை. இத்தகைய கணினியை முற்றாக அழித்து மீண்டும் நிறுவிவிடுவதே பலர் வழக்கம். டெபியன் வழிவந்த வழங்கல்களில் இடைநின்ற அமைப்பு வேலையைத் தொடர்ந்து முடிக்குமாறு பொதி மேலாளருக்குக் கட்டளையிட்டாற் பெரும்பாலும் போதுமானது. பிழைச்செய்தியே அக்கட்டளையையும் எழுதிக் காட்டுகின்றது. நோயும் மருந்தும் ஒரே வாக்கியத்தில் உள்ளன. அவ்வாக்கியம் பயனரின் திரையில் வழக்கமாக ஆங்கிலத்தில் உள்ளது என்பது மனங்கொளத்தக்கது.

மூன்றாவது, கம்பியில்லா வலையிணைப்பு இயங்காமை. இதன் வேர் பொருளாதாரம் சார்ந்தது. கருவிகளுட் பல, தொடங்கும்போது தமக்குள் ஏற்றிக்கொள்ளும் நுண்ணிரல் ஒன்றை வேண்டுவன. அதன் மூலத்தை உற்பத்தி நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. கட்டற்றதல்லாத இந்நுண்ணிரலை நிறுவல் வட்டில் சேர்க்கலாமா என்பது டெபியன் சமூகத்தில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. 2022இல் உறுப்பினர் வாக்கெடுப்பின் மூலம் சேர்ப்பதெனத் தீர்மானிக்கப்பட்டு, 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. கொள்கைத் தூய்மைக்கும் எளிய பயனரின் தேவைக்கும் இடையிலான முரண்பாடு, மூடிய அறையிலன்றி வாக்கெடுப்பில் தீர்க்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. பழைய பதிப்புகளை நிறுவுவோர் அந்நுண்ணிரற் பொதியைக் கம்பிவழி இணைப்பினாலோ சேமிப்புக் கோலினாலோ தனியே தருதல் வேண்டும்.

நான்காவது தமிழுக்கே உரியது. எங்கள் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் ஆவணங்கள் தயாரிக்கப்பட்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சியளிக்கும். லினக்ஸில் தமிழ் வராது என்னும் தவறான முடிவு இவ்வாறே பரவியது. கோப்பிற் சேமிக்கப்பட்டிருப்பவை தமிழ் எழுத்தின் குறியீடுகளே அல்ல. ஆங்கில எழுத்தின் குறியீட்டுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துவதே பாமினி போன்றவற்றின் முறை. ஒருங்குறியில் தமிழ் 1991இன் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. மாற்றிக் கருவியொன்றினால் ஆவணங்களை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தால், அவை எந்த இயங்குதளத்திலும் படிக்கத்தக்கனவாகும், தேடவும் இயலும். இங்கே நாம் பேணுவது கணினியை மட்டுமன்று, எழுதப்பட்டவற்றையும் ஆகும்.

4. வழு, வழாநிலை, வழுவமைதி

கணினித் தமிழில் நிரற்பிழையை ‘வழு’ என்பர். இது தற்செயலான சொற்றேர்வாயினும் பொருத்தமானது. சொல்லிலக்கண மரபு வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்றினைப் பேசுகின்றது. விதிக்கு மாறானது வழு. விதியோடு பொருந்தியது வழாநிலை. மாறாயினும் தக்கதொரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. கூட்டுப் பராமரிப்பிலும் இம்மூன்றும் உள்ளன. நிரலின் மூலத்திலேயே பிழையைத் திருத்துதல் வழாநிலைக்கு மீட்டல். திருத்தம் வரும்வரை வேறொரு வழியால் வேலையை நடத்திக்கொள்ளுதல் வழுவமைதி. புதிய கருவில் ஒலி இயங்காதபோது, தொடக்கப் பட்டியலிலிருந்து முந்தைய கருவைத் தெரிந்து இயக்குதல் இதற்கு எடுத்துக்காட்டு. இவை இரண்டிற்கும் வேறுபாடு தெரியாத இடத்தில் தற்காலிக ஏற்பாடே நிரந்தரமாகிவிடுகின்றது.

டெபியன் 1997இல் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில், தன் குறைகளை மறைப்பதில்லை என்னும் உறுதிமொழி ஓர் உறுப்பாக உள்ளது. அதன் வழுப்பதிவேடு அனைவரும் பார்க்கத் திறந்திருப்பது. ஒவ்வொரு வழுவிற்கும் ஓர் எண் உண்டு. 2021 நவம்பரில் அவ்வெண் பத்து இலட்சத்தைத் தொட்டது. பண்டத்தைச் சந்தைக்கு விடும் நிறுவனம் தன் குறைகளை இயன்றவரை மறைக்கின்றது. கூட்டுடைமையாகிய பொருளுக்கோ குறைகளின் பட்டியலே செல்வம். நல்ல வழுவறிக்கை நான்கு செய்திகளைத் தருதல் வேண்டும்: எந்தப் பதிப்பு, என்ன செய்யப்பட்டது, என்ன எதிர்பார்க்கப்பட்டது, உண்மையில் என்ன நிகழ்ந்தது. ‘வேலை செய்யவில்லை’ என்னும் ஒற்றை வாக்கியத்திலிருந்து இந்நான்கிற்கு ஒருவரைக் கொண்டுவருதல் ஒரு கல்விப்பணி.

மாத்தளை நகருக்கு அருகிலுள்ள அலுவிகாரையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். வாய்மொழியாகப் பேணப்பட்ட திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில் அங்கே ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் ஓதுவோரின் தொகையைக் குறைத்தமையே எழுத்தில் இறக்கியதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. சிலர் நினைவில் மட்டும் உள்ள அறிவு அவர்களோடு மறையும் என்பதை அத்துறவியர் உணர்ந்திருந்தனர். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் அடக்கியபோது விகாரை அழிவுக்குள்ளாயிற்று. ஏடெழுதும் பணியோ பின்னரும் தொடர்ந்தது. நம் ஊர்களில் கணினி திருத்தும் அறிவு இன்னும் அந்த வாய்மொழிக் கட்டத்திலேயே உள்ளது. அதனை அறிந்த ஆசிரியர் இடமாற்றம் பெறுகின்றார்; இளைஞர் வேலைதேடிக் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ செல்கின்றார்; அவரோடு அறிவும் செல்கின்றது.

5. உழைப்பு யாருடையது?

கட்டற்ற மென்பொருளைப் பற்றிய எழுத்துகளிற் சமூகம் என்னும் சொல் வர்க்கமற்ற ஒன்றாகவே பெரும்பாலும் வழங்கப்படுகின்றது. போதிய கண்கள் பார்ப்பின் வழுக்கள் யாவும் வெளிப்படும் என்னும் கருத்தை 1990களின் இறுதியில் எரிக் ரேமண்ட் பரப்பினார். கண்களுக்குரியோர் உண்ணவும் உறங்கவும் வேண்டுமென்பதை அக்கருத்து கணக்கிற் கொள்வதில்லை. இன்று லினக்ஸ் கருவிற்குப் பங்களிப்போருட் பெரும்பாலோர் பெருநிறுவனங்களில் ஊதியம் பெறுவோர். ஆயினும், அக்கருவைச் சூழ்ந்துள்ள எண்ணற்ற சிறு நிரல்கள் தனியாட்களின் ஓய்வுநேர உழைப்பிலே தங்கியுள்ளன.

2024 மார்ச்சில் வெளிப்பட்ட நிகழ்ச்சி இதனைத் தெளிவாக்கியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் நிரற்றொகுதியை லாசே கொலின் என்பவர் நெடுங்காலம் தனியொருவராகவே பேணிவந்தார். அது ஊதியமில்லா ஓய்வுநேர முயற்சி என்பதை அவர் 2022இலேயே பொதுவில் எடுத்துரைத்திருந்தார். ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய அடையாளமொன்று ஈராண்டுகளுக்கு மேலாக உதவிசெய்து நம்பிக்கை பெற்றுப் பராமரிப்பில் இடம்பிடித்தது. பின்னர்க் கணினிகளுட் களவாக நுழைவதற்கான வழியொன்றை நிரலில் புகுத்தியது. வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃபிரோயின்ட் என்னும் பொறியாளர், தொலைநுழைவு ஏறத்தாழ அரை வினாடி தாமதிப்பதைக் கவனித்துக் காரணத்தைத் துருவியதால் அது வெளிப்பட்டது. முதன்மை வழங்கல்களின் நிலையான பதிப்புகளை அடையுமுன் அது தடுக்கப்பட்டது. திறந்த மூலநிரலே கண்டுபிடிப்பை இயலச்செய்தது. கூலியற்ற, களைப்புற்ற தனியுழைப்பே ஊடுருவலை இயலச்செய்தது. இரண்டையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்கு.

இதே வினா குளங்களைப் பொறுத்தும் எழுந்ததுண்டு. மாத்தளையின் வடபகுதி குளம் சார்ந்த வேளாண்மைக்குரியது. குளக்கட்டைப் பேணுதல் இராசகாரிய முறையின் கீழ்க் கட்டாய உழைப்பாகவும் ஊர் வழக்காகவும் நிகழ்ந்தது. 1832இல் பிரித்தானியர் இராசகாரியத்தை நீக்கினர். நிலமானியக் கட்டாயம் நீங்கியது நன்றே. அவ்விடத்தில் வேறு கூட்டு ஏற்பாடு அமையாமையால் குளங்கள் பல சீர்கெட்டன. 1856இன் நெற்காணிச் சட்டம் ஊர்வழக்குகளை மீண்டும் உயிர்ப்பிக்க முயன்றது. கட்டாயமுமின்றிக் கைவிடலுமின்றிப் பொதுப்பொருளைப் பேணுதற்கு உரிய நிறுவனம் யாது என்பது அன்று போலவே இன்றும் தீராத வினா.

ஜெர்மனியின் மூனிச் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2013அளவில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் நகரசபை விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. தொழினுட்பம் இடந்தந்தபோதும் அரசியல் விருப்பு மாறியதும் பணி குலைந்தது. கேரளத்தின் அனுபவம் வேறு. அங்கு 2000களின் நடுப்பகுதியிலிருந்து அரசுப் பாடசாலைகளில் லினக்ஸ் நிலைபெற்றது. ஆசிரியர்களையே பயிற்றுநராக்கி, பாடநூலையும் தேர்வையும் அதற்கேற்ப அமைத்தமையே அதற்கு அடிப்படை. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் கழகங்களில் வன்பொருளும் மலையாளக் கணிமையும் பயிற்றப்படுகின்றன. அங்கே பராமரிப்பு, பாடசாலையின் அன்றாட உறுப்பாகியுள்ளது.

6. மாத்தளையிற் செய்யத்தக்கது

நம்மிடையே முன்மாதிரிகள் இல்லாமலில்லை. 2004 திசம்பர் ஆழிப்பேரலையை அடுத்து இலங்கையில் உருவான சகானா என்னும் கட்டற்ற பேரிடர் மேலாண்மை மென்பொருள் உலகின் பிற நாடுகளிலும் பயன்பட்டது. கண்டியின் மலைத்தொடரொன்றின் பெயரால் ‘ஹந்தான’ என்னும் லினக்ஸ் வழங்கல் இங்கேயே தொகுக்கப்பட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணகம் கட்டற்ற மென்பொருளின் துணையுடன் ஈழத்து நூல்களைப் பேணிவருகின்றது. தமிழகத்தில் 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ இதழ் லினக்ஸ் பற்றித் தமிழில் எழுதி வருகின்றது. டெபியனின் நிறுவல் நிரலைத் தமிழிலேயே நடத்தவும் இயலும்.

இவற்றை அடித்தளமாகக் கொண்டு, பத்துக் கணினிகள் உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலையொன்று இருப்பதாகக் கொள்வோம். முதலாவதாக, எல்லாக் கணினிகளிலும் ஒரே வழங்கலின் நீண்டகால ஆதரவுப் பதிப்பையும் இலகுவான ஒரே மேசைச்சூழலையும் நிறுவுதல் வேண்டும். ஒன்றின் பழுதுக்குக் கண்ட பரிகாரம் அப்போதே ஒன்பதிற்கும் பயன்படும். முப்பத்திரண்டு பிட் செயலிகளுக்கான நிறுவல் ஆதரவு 2025இல் வெளிவந்த டெபியன் 13இலிருந்து நின்றுவிட்டதால், மிகப் பழைய கணினிகளைத் தெரியும்போது இதனைக் கவனித்தல் வேண்டும். இரண்டாவதாக, இற்றைப்படுத்தலுக்கு ஒரு நாளைக் குறித்தல் வேண்டும். பொதிகளை ஒரு கணினியில் ஒருமுறை இறக்கி, ஏனையவை அதனிடமிருந்தே பெறும்படி அமைத்தால் இணையச் செலவு குறையும். மூன்றாவதாக, மாணவர் ஆக்கங்களை வேறொரு வட்டிற் படியெடுத்தல் வேண்டும். முறைமையை முந்தைய நிலைக்கு மீட்கும் கருவிகள் வழமையான அமைப்பில் பயனரின் கோப்புகளைக் காப்பதில்லை.

இவை யாவற்றினும் முதன்மையானது தமிழ் வழுப்பதிவேடு. ஒரு சாதாரண அப்பியாசப் புத்தகம் தொடக்கத்திற்குப் போதும். திகதி, கணினியின் எண், கண்ட குறி, பிழைச்செய்தியின் சொற்கள், செய்த மாற்றம், விளைவு என ஆறு நிரல்கள். பிழைச்செய்தியை ஆங்கிலத்திலே அவ்வாறே எழுதி, அதன் பொருளைத் தமிழில் எழுதுதல் வேண்டும். மூலவாசகம் தேடுதற்கு உதவும்; உரை விளங்கிக்கொள்ள உதவும். மூலமும் உரையுமாகக் கற்பது நம் மரபுக்குப் புதிதன்று. றத்தோட்டையில் எழுதியது உக்குவளைக்கும் நாவுலவுக்கும் செல்லுமாயின், ஓராண்டிலே ஒரு சிறு கைந்நூல் தானே உருவாகும்.

இப்பணி தமிழரின் தனிப்பணியாகவும் இருத்தலாகாது. வலுவிழந்த மின்கலம் சிங்களப் பாடசாலையின் கணினியையும் அவ்வாறே நிறுத்துகின்றது. பழைய எழுத்துருச் சிக்கல் சிங்களத்திற்கும் உண்டு. பதிவேட்டை இருமொழியில் அமைப்பது மாத்தளையில் இயல்பாகவே இயலும். மொழியுரிமை பற்றிய பேச்சு அரச கரும மொழியோடு நின்றுவிடாது, இயந்திரத்தைத் திருத்தும் அறிவின் மொழிக்கும் விரிதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் விழாக்களுக்கும் மலர்களுக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியை, விடுமுறைகளிற் பாடசாலைகளுக்குச் சென்று பழைய கணினிகளை மீட்பதற்கும், கண்ட வழுக்களைத் தமிழிற் பதிந்து வெளியிடுவதற்கும் ஒதுக்குமாயின், இவ்வறிவு ஆங்கிலமறிந்த ஒருசிலரின் உடைமையாக நிற்கும் நிலை படிப்படியாக மாறும். அதற்கான முதற் பதிவேட்டை இந்த ஆண்டு விடுமுறையிலேயே தொடங்கலாம்.